பென்சிலால் மூடிய விரிசல்

போன வாரம் பென்ஷன் ஆபீசில் கேட்டார்கள் என்று போட்டோ எடுக்கப் போனேன். எடுத்து முடித்ததும் ஸ்டுடியோக்காரர், "முகத்துல இருக்குற கோடெல்லாம் கொஞ்சம் டச் பண்ணிடட்டுங்களா?" என்றார். "ஒண்ணையும் தொடாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் அடுத்து உட்கார்ந்திருந்த கல்யாணப் பெண் மிரண்டுபோனாள். உங்களிடம் சொல்வதற்கென்ன, அந்தக் கோபம் அவர் மேல் இல்லை.

யுத்த காலத்தில் நான் அரியலூரில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். படம் பிடிப்பதில் சுமார்தான், டச்சிங்கில் கெட்டிக்காரன். கண்ணாடி நெகடிவை வெளிச்சத்தில் சாய்த்து வைத்து, ஊசியாகச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தொட்டால் படத்தில் அம்மைத் தழும்பு மறைந்துவிடும். திருமானூர்ப் பக்கம் வசதியான வீட்டுப் பெண்கள் சிலருக்கு என் பென்சில்தான் மாப்பிள்ளை பிடித்துக் கொடுத்தது. தாலி கட்டும்போது நேரில் பார்த்தவன் என்ன நினைத்தானோ, அதைப் பற்றி நான் கவலைப்பட்டதில்லை. அவ்வளவு திமிர்.

இன்றைக்கும் சுண்ணாம்புத் தூசி மூக்கில் ஏறினால் எனக்கு அந்தக் கடைத்தெருதான் ஞாபகத்துக்கு வரும். பெட்ரோல் பஞ்சத்தில் கரியடுப்பு வைத்து ஓட்டிய பஸ் திரும்ப இடம் போதவில்லை என்று தெருவை அகலப்படுத்த உத்தரவாயிற்று. சுவர் விரிசல் விட்டுப்போன கட்டடங்களை இடிப்பார்கள், உறுதியானவை நிற்கலாம் என்று பேச்சு. இடிப்பதற்கு முன்னால் ஒரு படம், இடிக்கும்போது ஒரு படம் எடுக்கும் வேலை எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தது. ஒரு வீட்டுக்கு எதிரே நான் கேமரா ஸ்டாண்டை ஊன்றிக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் மறுவாரம் அந்த வீடு இருக்காது. என் தலையைக் கண்டதுமே கதவைச் சாத்தினார்கள். "எமன் வந்துட்டான், கறுப்புத் துணியத் தூக்கிக்கிட்டு" என்று எண்ணெய்க் கடைக்காரர் மனைவி என் காதுபடவே சொன்னாள்.

வலிய வந்து கூப்பிட்டவர் சவரிமுத்து வாத்தியார் ஒருவர்தான். ஏலாக்குறிச்சிக்காரர். தெருமுனையில் ஒரு பழைய தானியக் கிடங்கில் பள்ளிக்கூடம் நடத்திவந்தார். வண்டியோட்டிகள், மூட்டை தூக்குகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் நாற்பது பேர் இருப்பார்கள். அவர்களை வேறெங்கே கொண்டுபோனாலும் சேர்த்துக்கொள்ளாமல் இருக்க ஆயிரம் சால்ஜாப்பு சொல்வார்கள். அந்தக் கிடங்கும் இடிக்கிற பட்டியலில் ஏறியிருந்தது.

"செவுரு கல்லாட்டம் இருக்கு தம்பி. எழுதிப் போட்டா நம்ப மாட்டேங்கறாங்க. நீ படம் புடிச்சுக் குடு, மனுவோட வச்சு அனுப்புறேன்" என்றார்.

எடுத்தேன். கதவுக்கு மேலே மயிரிழையாக ஒரு விரிசல். மேல்பூச்சில் விழுந்ததுதான், சுவரில் இல்லை. நெகடிவைக் கழுவிக் கையில் எடுத்ததும் அந்தக் கோட்டைப் பார்த்து எனக்குக் கை அரித்தது. நல்ல மனிதர், நல்ல காரியம், இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி என்று பென்சிலால் மூடிவிட்டேன். அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

பெரிய அதிகாரி ஒருவர் மனுவைப் படித்துவிட்டு நேரிலேயே பார்க்க வந்துவிட்டார். வாத்தியாருக்கு முகமெல்லாம் பல், என்னையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அதிகாரி கதவுக்கு முன்னால் நின்று படத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"இந்த விரிசல் படத்துல எங்க?"

வாத்தியார் படத்தை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "நாந்தாங்க... டச்சிங்ல..." என்று இழுத்தேன்.

"ஒண்ண மறைச்சவங்க ஒம்போது மறைச்சிருப்பீங்க" என்று சொல்லிவிட்டு அதிகாரி காரில் ஏறிவிட்டார். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இடிக்கும்போதும் படம் எடுக்க நான்தான் போகவேண்டியிருந்தது. முதலாளியிடம் கெஞ்சிப் பார்த்தேன், நடக்கவில்லை. பக்கத்துக் கட்டடங்களெல்லாம் கடப்பாரை பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தவை. இது அசையவே இல்லை. "என்ன எளவு செவுருடா இது, கடப்பாரையில்ல வளையுது" என்றார் மேஸ்திரி. விரிசலுக்கு நேராகக் குத்தினார்கள். மேல்பூச்சு மட்டும் விரல்கனத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே செங்கல் வரிசை ஒன்றுகூடக் குலையவில்லை. அதைப் படம் பிடித்தேன். தள்ளி முடிக்க மூன்று நாள் ஆயிற்று. மூன்று நாளும் வாத்தியார் எதிர்ச்சாரியில் நின்றுகொண்டிருந்தார்.

கடைசி நாள் அந்தச் செங்கல் படத்தை அவரிடம் கொண்டுபோய் நீட்டினேன். "இதுல எதையும் தொடலீங்க சார்" என்றேன். பேச்சைப் பாருங்கள், செருப்பால் அடித்திருக்கலாம்.

"நல்லா வந்துருக்கு தம்பி" என்று திருப்பிக் கொடுத்தார். "இத இனிமே யார்ட்ட போயி காட்டுறது?"

பள்ளிக்கூடத்துக்கு வேறு இடம் கிடைக்காமல் அந்த வருஷமே அவர் சொந்த ஊரோடு போய்விட்டார். தெரு அகலமாயிற்று, கிடங்கு இருந்த இடத்தில் சாக்கடை ஓடுகிறது. நான் கேமராவை விட்டுவிட்டு ரயில்வேயில் குமாஸ்தாவானேன். சில வருஷம் கழித்து, மூட்டை இறக்க வந்த ஒருவனைப் புத்தகத்தில் கையெழுத்துப் போடச் சொன்னேன். நாக்கைக் கடித்துக்கொண்டு 'கோவி' என்று எழுதி நிறுத்தினான்.

"மீதி?"

"அம்புட்டுத்தாங்க வரும். அதுக்குள்ள எங்க பள்ளிக்கூடத்த இடிச்சுப்புட்டாங்க."

நான் யாரென்று அவனிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. அவன் கட்டைவிரலைப் பிடித்து மை தடவி, அந்த இரண்டு எழுத்துக்குப் பக்கத்திலேயே அழுத்தி வைத்தேன்.