பிரிண்டர் இல்லாத வீடு

கீபோர்டைக் கவிழ்த்து அதன் முதுகில் இரண்டு தட்டு தட்டினார். ரொட்டித் துகள், தலைமுடி, ஒரு நகத்துண்டு எல்லாம் மேசையில் உதிர்ந்தன. "வெளியவே இவ்ளோன்னா உள்ள எவ்ளோ இருக்கும்?" இதைச் சொல்லாமல் அவர் எந்த வீட்டிலும் வேலையைத் தொடங்கியதில்லை. கம்ப்யூட்டருக்குள் புகுந்த களவாணிகளை விரட்டுவது அவர் தொழில். 'வைரஸ்காரர்' என்று கேட்டால் எங்கள் தெருவில் யார் வேண்டுமானாலும் அவர் கடையைக் காட்டுவார்கள்.

அடுத்தது விசாரணை. திரையில் பாதியை விளம்பரப் பட்டைகள் அடைத்துக்கொண்டிருக்கும். பரிசு விழுந்ததாக ஒரு கட்டம் மினுக்கும். அதை மூடினால் இரண்டு திறக்கும். வீட்டார் எல்லோரும் அவர் எதிரே வந்து நிற்க வேண்டும். "கண்ண மூடிக்கிட்டு சரி, சரின்னு அமுக்கினது யாரு?" அப்பா பிள்ளையைப் பார்ப்பார், பிள்ளை அம்மாவைப் பார்க்கும். "சும்மா குடுக்கறவன் சும்மாவா இருப்பான்? நீங்க என்ன தேடறீங்க, என்ன படிக்கறீங்க, எல்லாத்தையும் வேவு பாத்து வித்துக்கிட்டு இருக்கான்!" சொல்லும்போது அவருக்கு உண்மையாகவே மூக்கு சிவந்துவிடும். அந்தக் கோபத்தை நம்பித்தான் நான் அவரைப் பற்றி நாலு பேரிடம் சொல்லி வைத்தேன்.

கடையில் அவருக்கு இன்னொரு முகம் உண்டு. அப்பாக்களும் கணவன்மார்களும் பெட்டியைத் தூக்கி வந்து குரலைத் தாழ்த்தினால், வீட்டில் தட்டப்படும் ஒவ்வோர் எழுத்தையும், பாஸ்வேர்டு உட்பட, அவர்கள் போனுக்கு அனுப்பும் ஒரு வேவு மென்பொருளை உள்ளே ஏற்றிக் கொடுப்பார். யாருக்கும் சந்தேகம் வராதபடி அதற்கு 'பிரிண்டர் உதவி' என்று பெயர் வைத்துவிடுவார். "அது வேற சார். இது குடும்பத்துக்குள்ள. வெளியாளா பாக்கறான்?" என்பார். நானும் சிரித்துவிட்டு வந்திருக்கிறேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

போன வாரம் என் மேலதிகாரியின் மகள் கேட்டாள் என்று அவரை அந்த வீட்டுக்கு அழைத்துப் போனேன். உள் அறையிலிருந்து மேலதிகாரி வந்ததும் வைரஸ்காரர் சட்டென்று பேச்சை நிறுத்தினார். முன்பே பார்த்துக்கொண்டவர்கள் என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

"ரெண்டு கம்பெனில வேலை கெடச்சுதுண்ணா," என்றாள் அந்தப் பெண். "ரெண்டு எடத்துக்கும் வர விருப்பமில்லன்னு என் மெயில்லருந்தே பதில் போயிருக்கு. சத்தியமா நான் எழுதல. ஏதோ வைரஸ் பண்ற வேலை. நாளைக்கு மூணாவது எடத்துக்கு வரேன்னு எழுதணும். இதுவும் போச்சுன்னா..."

அப்பா அவள் தலையைத் தடவினார். "விடும்மா. வேலை எங்க ஓடிப்போயிடப் போகுது?"

வைரஸ்களைத் தேடி முடித்த அவருடைய மென்பொருள் நாற்பத்தொரு பெயர்களைப் பட்டியல் போட்டது. நீக்க வேண்டியது என்று ஒவ்வொன்றின் முன்னும் ஒரு டிக். வைரஸ்காரர் வழக்கம்போல் உரக்கப் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வசவு சேர்த்துக்கொண்டே போனார். "இது கூப்பன் குடுக்கற திருட்டுப்பய. இவன் வானிலை சொல்றேன்னு வந்து வீட்டையே காலி பண்றவன்." இருபத்தொன்பதாவதில் குரல் நின்றது. நான் எட்டிப் பார்த்தேன். 'பிரிண்டர் உதவி'. அறையைச் சுற்றிலும் கண்ணை ஓட்டினேன். அந்த வீட்டில் பிரிண்டரே இல்லை.

மேலதிகாரி இருமினார். மகளின் தோளுக்கு மேலாக வைரஸ்காரரைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தார்.

சொல்லிவிட வாயெடுத்தேன். பதவி உயர்வுப் பட்டியல் அவர் கையெழுத்துக்குத்தான் காத்திருந்தது. விழுங்கிக்கொண்டேன். இதை எழுதக் கை கூசுகிறது.

"என்னண்ணா, பெருசா ஏதாவதா?" என்றாள் அவள். "எல்லாத்தையும் எடுத்துடுங்க. நான்தான் பாட்டு எறக்கறேன்னு கண்டதையும் அமுக்கித் தொலைச்சிருக்கேன்." அப்பாவின் பக்கம் திரும்பினாள். "சாரிப்பா. ரெண்டு மாசமா உங்களையும் அழ வெச்சுட்டேன்."

வைரஸ்காரர் நிமிரவில்லை. மவுஸை மெல்ல நகர்த்தி, அந்த ஒரு பெயரின் முன்னிருந்த டிக்கை எடுத்தார். பிறகு 'நீக்கு' என்பதை அழுத்தினார்.