உறியடிக்காக இளைத்த கதை

தாராவியில் என் உடம்பை எடை போடுவது பழைய பிளாஸ்டிக் வாங்கும் கடையில். உடைந்த பக்கெட் மூட்டையைத் தராசிலிருந்து இறக்கிவிட்டு, "ஆவோ பாபி" என்று கடைக்காரர் கூப்பிடுவார், வாங்க அண்ணி என்று அர்த்தம். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நிற்பேன். மூட்டையோடு காத்திருக்கிற ஆம்பளைகள் எட்டி முள்ளைப் பார்ப்பார்கள். போன வாரத்தைவிடக் குறைந்திருந்தால் "மஸ்த்!" என்று கை தட்டுவார்கள். நம் திருநெல்வேலிப் பக்கம் ஒருத்தி இளைத்துவிட்டால் என்ன சீக்கோ, புருஷன் வீட்டில் என்ன பாடோ என்று பேசுவார்கள். இங்கே கை தட்டுகிறார்கள். இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து இருபது வருடமாகியும் எனக்கு இது முழுசாகப் பழகவில்லை. ஆனால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்வானேன்!

நான் இளைக்கக் கிளம்பியது அழகுக்காக இல்லை. கோகுலாஷ்டமி உறியடிக்காக. நம் ஊர் உறியடியில் ஒரு ஆள் கம்பை வைத்துக்கொண்டு பானையைத் தேடுவான். பெண்கள் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்போம். மும்பையில் பானையை மூன்று மாடி உயரத்தில் கட்டிவிட்டு, ஆள்மேல் ஆள் ஏறிக் கோபுரம் கட்டுகிறார்கள். பெண்களுக்கென்றே தனிக் குழுக்கள் உண்டு. எங்கள் சந்துக் குழுவுக்குத் தலைவி, எதிர்வீட்டு சுனந்தா தாயி. மராத்தியில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஒரு நாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ தூண் மாதிரி இருக்கே, வா" என்று இந்தியில் சொல்லி இழுத்துக்கொண்டு போய் அடியில் நிறுத்திவிட்டாள்.

அடியில் நிற்கிறவர்கள் வட்டமாக உள்ளே பார்த்து, தலையைக் குனிந்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். தோள்மேல் கால்கள் ஏறும். மேளம் அடிக்கும், தண்ணீர் கொட்டும், ஊரே கத்தும். எனக்குத் தெரிவதெல்லாம் என் கால் கட்டைவிரல்தான். இரண்டு வருடம் நின்றேன். பானை உடைந்ததைச் சத்தத்தில்தான் தெரிந்துகொண்டேன். இந்த வருடம் இரண்டாவது அடுக்கில் நின்ற பெண் கல்யாணமாகி நெருளுக்குப் போய்விட்டாள். "எடையைக் குறைச்சா அந்த இடம் உனக்கு. இல்லேன்னா கீழேயே நில்லு" என்றாள் சுனந்தா. எனக்கு ரத்தம் சூடாகிவிட்டது. மேலே ஏறி ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும்! எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

சுனந்தா சொன்ன முதல் விதி, "ராத் கோ சாவல் பந்த்." ராத்திரி அரிசி கூடாது. அவ்வளவுதானே! அன்றைக்கே சோற்றுப் பானையைக் கவிழ்த்துவிட்டேன். எங்கள் தொழில் இட்லி. விடியுமுன் அவித்து, என் வீட்டுக்காரர் சைக்கிளில் கட்டி, ரப்பர் ஹாரனைப் போம் போம் என்று அமுக்கிக்கொண்டு மாட்டுங்கா வரைக்கும் விற்றுவருவார். வீட்டில் இட்லிக்கா பஞ்சம்? ராத்திரி சோற்றைத் தொடாமல் ஆறு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் சாப்பிட்டுவிட்டு, பெரிய தியாகம் செய்தவளாகப் படுத்தேன். வாரக் கடைசியில் தராசில் ஏறினால் முள் மேலே போகிறது. யாரும் கை தட்டவில்லை.

"ராத்திரி என்ன தின்னே?" என்றாள் சுனந்தா.

"அரிசியே தொடலை தாயி. இட்லி மட்டும்தான்."

அவள் என்னையே பார்த்தாள். "இட்லி எதில செய்யறே? சிமெண்ட்லயா?"

சிரிக்காதீர்கள். சனிக்கிழமை விரதம் என்றால் நம் வீடுகளில் ராத்திரி சோறு சாப்பிட மாட்டோம், பலகாரம் சாப்பிடுவோம். இட்லியும் தோசையும் பலகாரம். என் அம்மா அப்படித்தான் இருந்தாள், நானும் அப்படித்தான். நாள்தோறும் என் கையாலேயே அரிசி களைந்து ஊறப்போட்டு ஆட்டுகிறேன்; ஆனாலும் இட்லியும் அரிசிதான் என்று என் புத்தியில் ஏறவில்லை. தெய்வத்தை ஏமாற்றிவிடலாம் போலிருக்கிறது, பிளாஸ்டிக் கடைத் தராசை ஏமாற்ற முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் சுனந்தா என் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்து, நான் என்னென்ன வாயில் போடுகிறேன் என்று ஒரு காலை முழுக்கப் பார்த்தாள். உடைந்த இட்லியை விற்க முடியாது, என் வாய்க்குள் போகும். சைக்கிளில் திரும்பி வந்தது வீணாகக் கூடாது, அதுவும் போகும். பிள்ளைகள் மிச்சம் வைத்ததும் போகும். இதையெல்லாம் நான் சாப்பாட்டுக் கணக்கிலேயே சேர்த்ததில்லை. மறுநாள் உடைந்தவற்றை ஒரு தட்டில் வைத்து வீட்டுக்காரர் முன்னால் நீட்டினேன்.

"ஏளா, நான் என்ன குப்பைத் தொட்டியா?" என்றார்.

"அப்போ இத்தனை நாளா நான் என்னவாம்?" என்றேன். அவர் தட்டை வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து உடைந்த இட்லி எல்லாருக்கும் பங்கு.

ராத்திரிக்கு சுனந்தா பாக்ரி தட்டக் கற்றுக்கொடுத்தாள். சோள மாவில் கையாலேயே தட்டிச் சுடுகிற ரொட்டி. அதோடு பாசிப்பயறுக் குழம்பு, வெந்தயக்கீரை, வெள்ளரிக்காய். நான் தட்டிய முதல் பாக்ரி நாலாகப் பிய்ந்தது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பதிலுக்கு அவள் அவித்த இட்லியைச் சுவரில் எறிந்தால் சுவர்தான் உடையும். நான் ஒரு ரொட்டியோடு எழுந்துகொள்ளப் பழகினேன். பசிக்கத்தான் செய்தது, காலையில் எழுந்தபோது உடம்பு லேசாக இருந்தது. வீடியோ காலில் அம்மாவிடம் காட்டினால் அவள் முகம் மாறிவிட்டது. "சோளமா தின்னுதே? நெல்லுச் சோத்துக்கு ஆசப்பட்டுல்லா உன்ன பம்பாய்க்குக் குடுத்தேன்!" சின்ன வயதில் வேறு வழியில்லாமல் சோளக்கூழ் குடித்தவள் அவள். அவளுக்கு எப்படி விளக்குவது? விளக்கவில்லை. ஆனால் தராசு முள் இறங்க ஆரம்பித்தது. ஒரு செவ்வாய்க்கிழமை சுனந்தா முள்ளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "ஊபர்!" என்று கத்தினாள், இனி எனக்கு மேலே இடம். நான் தராசிலேயே குதித்தேன்.

கோகுலாஷ்டமியன்று சரியான மழை. அடியில் என் ஓரகத்தி செல்வியும் சுனந்தாவும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். செல்வி இட்லிக் கொப்பரை தூக்கித் தூக்கி உரமேறிய உடம்புக்காரி. இடது காலை அவள் தோளிலும் வலது காலைச் சுனந்தா தோளிலும் வைத்து எழுந்தேன். நிமிர்ந்தேன். ஐயோ, பானை! பூச்சுற்றிய பானை! கூரைகள்மேல் கட்டிய நீலத் தார்ப்பாய்கள், ஜன்னல் ஜன்னலாகத் தலைகள், அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் சைக்கிளில் ஒரு காலை ஊன்றி ஹாரனை விடாமல் அமுக்குகிற என் வீட்டுக்காரர். என் தோளில் கால்கள் ஏறின, தலைக்கவசம் போட்ட சின்னப் பெண் உச்சிக்குப் போய்ப் பானையை உடைத்தாள், தயிர் எங்கள் எல்லார் முகத்திலும் கொட்டியது. நான் வாய்விட்டு அழுதேன், சிரித்தேன், எது என்று தெரியவில்லை.

இறங்கியதும் செல்வி ரவிக்கையை விலக்கித் தோளைக் காட்டினாள். சிவந்திருந்தது. "பாருங்கக்கா, உங்க கனம் முழுக்க எம்மேலதான்." சுனந்தா விடுவாளா? அவளும் தோளைக் காட்டி, மொத்த எடையும் தன்மேல்தான் இருந்தது என்று மராத்தியில் சண்டைக்கு வந்தாள். இருவரும் என்னையே தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். இரண்டு தோளையும் மாறி மாறிப் பார்த்தேன். என் பாதம் இரண்டிலும் ஒரே ஆழத்தில்தான் பதிந்திருந்தது.