படத்தில் இருந்த பாலம்

பீடோங்கில் என் அச்சகத்துக்கு மேல்மாடியில் நவமணி வழிப்படம் விற்கிறாள். சாலை, ஆறு, பாலம் எல்லாம் ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனி சேர்த்து வைத்த விவரம். அதை வாங்கித்தான் இவள் தொழில் நடத்துகிறாள். கல்யாணமோ இழவோ, அவளுடைய இணையத்தளத்தில் வீட்டைக் குறித்தால் போதும், வாட்ஸ்அப்பில் அனுப்புகிற மாதிரி படம் வந்துவிடும். படத்தின் அடியில் எறும்பு எழுத்தில் ஒரு வரி இருக்கும்: ‘சாலை விவரம் பிறருடையது, பிழைக்கு நாங்கள் பொறுப்பல்ல.’ எட்டு வருடமாகக் கல்யாணப் பத்திரிகைகளில் அதை அச்சடிக்கிறேன். ஒருவரும் படித்ததாகத் தெரியவில்லை.

கூலிம் தொழிற்சாலையில் பதினான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவள். பஸ் ஏறினால் வாந்தி. மோட்டார் சைக்கிள் என்றால் பயம். கெடா மாநிலம் முழுக்க வழி சொல்கிறவள் பீடோங்கைத் தாண்டுவதே அபூர்வம். கேலி செய்தால், “எனக்கெதுக்குண்ணே அலைச்சல், அதான் படம் இருக்கே” என்பாள்.

போன மாதம் புக்கிட் செலம்பாவ் சின்னையா வந்தார். மகளுக்குக் கல்யாணம். நான் பத்திரிகைக் கணக்கோடு மேலே போயிருந்தேன்.

“ரெண்டு படம் வேணும் தங்கச்சி. ஒண்ணு எல்லாருக்கும். இன்னொண்ணு லூனாஸ்ல இருக்கிற என் அண்ணனுக்கு. அதுல வழி தப்பா இருக்கணும்.”

“எதுக்குண்ணே?” என்றாள் நவமணி.

“நாலு வருசத்துக்கு முன்ன என் வீட்டுக்காரி செத்தப்போ அவனுக்கு வழி தெரியலையாம்லா. மூணு மணிக்குத் தூக்கினோம். அஞ்சரைக்கு வந்து நிக்கிறான். இப்போ கூப்பிடலேன்னா சொந்தக்காரங்க பேசுவாங்க. வந்தா எனக்குத் தாங்காது. இந்தத் தடவை நெசமாவே வழி தெரியாம போகட்டும்.”

நியாயமான யோசனையாகத்தான் எனக்குப் பட்டது. நவமணி அவர் வீட்டைக் குறித்தாள். அதே புள்ளியில் பழைய படம் ஒன்று எழும்பியது. நாலு வருடத்துக்கு முன் அந்த வீட்டார் யாரோ அவளுடைய தளத்திலேயே எடுத்த மரண அறிவிப்புப் படம். எஸ்டேட் கேட்டிலிருந்து செம்பனைத் தோட்டத்துக்குள் நேராகப் போய், ஒரு பாலத்தைத் தாண்டி வீட்டுக்கு வழி. புதுப் படத்தில் அந்தப் பாலம் இல்லை.

“அண்ணே, உங்க வீட்டுக்குப் பின்னால ஆத்துல பாலம் இருந்துச்சா?”

“அதுவா? நாங்க குடிவர்றதுக்கு முந்தியே வெள்ளத்துல போச்சே.”

திரை எங்கள் பக்கம்தான் திரும்பியிருந்தது. வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. எதற்கு வம்பு என்று நான் கண்ணைக் காட்டினேன். பொறுப்பல்ல என்று சொல்லிக்கொள்ள அந்த வரியும் இருக்கிறதே. அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

“உங்க அண்ணன் பொய் சொல்லலண்ணே. என் படந்தான் அவரை ஆத்தங்கரையில கொண்டுபோய் விட்டிருக்கு.”

சின்னையா திரையில் அந்தப் பாலத்தின்மேல் விரலை வைத்தார்.

“இடுப்பு வரைக்கும் சேறா வந்து நின்னாரு,” என்றார். “குடிச்சிட்டு எங்கேயோ விழுந்துட்டு வந்திருக்கான்னு நெனச்சேன். வாசல்லயே வச்சுத் திட்டி அனுப்பிட்டேன்.”

நவமணி அழுதாள். சின்னையா அவளைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. அழுகை ஓயும்வரை காத்திருந்தார்.

“அண்ணனுக்குப் படம் வேணாம். நானே போய் அழைக்கிறேன். ஆனா அவரு புது வீட்டுக்கு நான் போனதில்ல. அதுக்கு ஒரு படம் போட்டு வை, நாளன்னைக்கு வந்து வாங்கிக்கிறேன்.”

மறுநாள் மேல்மாடி பூட்டிக் கிடந்தது. உடம்புக்கு முடியவில்லை போலும் என்று விட்டுவிட்டேன்.

அதற்கு அடுத்த நாள் சின்னையா படத்தை வாங்கி மூக்கருகே பிடித்துப் பார்த்தார். அடியில் அந்த வரி இல்லாததை நான் கவனித்தேன்.

“இதுலயும் ஒரு பாலம் போட்டிருக்கியே தங்கச்சி. இருக்கா?”

“இருக்குண்ணே. நேத்து பஸ்ஸுல போய் அது மேல நடந்து பார்த்துட்டுத்தான் வந்தேன்.”