காதால் கண்டுபிடித்த மனு

பிள்ளைகளா, இது நடந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆவடி பக்கம் நான் வேலை பார்க்கும் அரசு அலுவலகத்தில்.

நான் பத்தாவது வரைதான் படித்தவன். கோப்புகளைக் கட்டுவதும் மேசைக்கு மேசை கொண்டுபோவதும்தான் என் வேலை. திடீரென்று, இனி எல்லாம் கம்ப்யூட்டரில் என்றார்கள். தேங்கிக் கிடந்த மனுக்களை ஸ்கேன் செய்து ஏற்றும் வேலை எனக்கு வந்தது. நாலு நாள் சொல்லிக்கொடுத்தார்கள். பயந்துகொண்டேதான் செய்தேன்.

எங்கள் அலுவலகத்தில் பார்வையில்லாத எழுத்தர் ஒருவர் இருக்கிறார். தேர்வு எழுதி வேலைக்கு வந்தவர். காகிதத்தைப் படிக்க முடியாதே என்று ஒன்பது வருடமாக அவரை டெலிபோன் பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தோம். புது முறை வந்தபோது அவருக்கும் ஒரு கம்ப்யூட்டர் கொடுத்தார்கள். திரையில் இருப்பதை அது அவர் காதில் படித்துச் சொல்லும். இது எத்தனை நாளைக்கு என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன்.

ஒரு நாள் மத்தியானம் கோவில்பதாகையிலிருந்து ஓர் அம்மா மகளோடு வந்தார். அவர்கள் வீட்டில் இதுவரை யாரும் கல்லூரிப் பட்டம் வாங்கியதில்லை. அதற்கான முதல் பட்டதாரி சான்றை அன்று ஐந்து மணிக்குள் கல்லூரிச் சேர்க்கை இணையதளத்தில் ஏற்றினால்தான் மகளுக்குக் கட்டணச் சலுகை. இல்லையென்றால் படிக்க வைக்க வழியில்லை. கம்ப்யூட்டரிலோ அந்தப் பெண் பேரில் மனுவே இல்லை.

"இன்னாண்ணே, உங்க கைலதான குடுத்தேன்? இப்ப இல்லன்றீங்க" என்றார் அம்மா. மகள் போனில் மணியைப் பார்த்தபடி நின்றாள்.

ஸ்கேன் செய்த காகிதங்கள் எல்லாம் மூட்டையாகத் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டிருந்தன. ஆனாலும் பீரோ பீரோவாகத் தேடினேன்.

"அண்ணாத்தே, பீரோவ ஏன் உருட்டிகினு கீற? அவங்க ஊட்டு கதவு நம்பர் சொல்லு" என்றார் எழுத்தர்.

அம்மாவிடம் கேட்டுச் சொன்னேன். விசைகளைத் தட்டினார். காதில் மாட்டியிருந்ததைக் கொஞ்ச நேரம் எனக்குக் கொடுத்தார். அது பேசிய வேகத்தில் ஒரு வார்த்தைகூட எனக்குப் பிடிபடவில்லை.

"அவங்க அப்பா பேர்ல வருமானச் சான்று மனு கீது. அது முடிஞ்சிபோச்சி. ஆனா பதினோரு பக்கம்னு சொல்லுதே. வருமானத்துக்கு ஆறுதான வரும்? ஒம்போது வருஷமா இன்னா இன்னா பேப்பர் வெக்கணும்னு போன்ல சொல்றது நான்தான. மிச்சம் அஞ்சு இன்னாது, பாரு."

பார்த்தேன். ஏழாம் பக்கத்தில் அந்தப் பெண்ணின் மனு. கூடவே, நேரில் விசாரித்து எழுதிய அறிக்கையும் இருந்தது; மேலதிகாரியின் ஒப்புதல்தான் பாக்கி.

தப்பு என்னுடையது. ஒரே வீட்டு மனுக்களை ஒன்றாகக் கட்டி வைப்பது எங்கள் பழக்கம். அந்தக் கட்டைப் பிரிக்காமல் ஒரே மனுவாக ஏற்றிவிட்டேன். அப்பாவின் மனு முடிந்தபோது மகளுடையதும் சேர்ந்து மூடிக்கொண்டது. மேலதிகாரியிடம் நானே போய்ச் சொன்னேன். நன்றாகத் திட்டினார். பிறகு தனியாகப் பிரித்து ஏற்றச் சொல்லி, ஒப்புதல் கொடுத்தார்.

நாலரை மணிக்குச் சான்று அச்சாகி வந்தது. எழுத்தர் அதைக் கையில் வாங்கி அந்தப் பெண்ணிடம் நீட்டினார். "சத்தமா படிம்மா. அண்ணாத்தே இதுலயும் எதையாவது சேத்துக் கட்டிகீறாரான்னு பாக்கலாம்."

அதுவரை வாய் திறக்காத பெண் படித்தாள். இந்தக் குடும்பத்தில் இதற்கு முன் எவரும் பட்டம் பெறவில்லை என்ற வரியை மட்டும் இரண்டு தடவை படித்தாள். மேசைகளில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். எழுத்தர் தலையைச் சாய்த்து, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த முகம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. இவ்வளவு தெரிந்த ஒரு மனிதர் இத்தனை வருடம் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாரே என்று நினைக்கும்போது இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.