கடுகு வரிசை அண்ணனுடையது

அண்ணன் எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு எழுதச் சொன்னபோது, நல்லதை நாலு வரி எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை.

அண்ணன் குடவாசல் பக்கம் ஒரு விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் படிப்பை நிறுத்தி, நடவுக்கும் அறுப்புக்கும் போய் என்னைப் படிக்கவைத்தார். பிறகு வாங்கிய மேட்டு நிலத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். நடுவில் ஒரு வரப்புதான். படித்தவன் நான். பயிர் செழித்தது அவருக்கு. எனக்கு வயிறு எரிந்தது.

மார்கழிப் பனியை நம்பி இருவரும் முட்டைகோஸ் போட்டோம். என் கோஸைப் புழு சல்லடையாக்கியது. கடை மருந்தே அடிக்காத அவருடைய கோஸில் ஓர் ஓட்டை இல்லை. வரப்பிலிருந்து எட்டிப் பார்த்தேன். கோஸுக்கு இடையிடையே கடுகு வரிசை நின்றது. கேட்க மனம் வராமல் மறுவருடம் நானும் கடுகு விதைத்தேன். புழு கடுகில் பெருகி, அங்கிருந்து கோஸுக்கும் இறங்கியது.

அண்ணன் வந்து பார்த்தார். அந்துப்பூச்சி கடுகைத்தான் முதலில் தேடி முட்டையிடும், கடுகிலேயே வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்துப் புழுவை ஒழித்துவிட வேண்டும் என்று விளக்கினார்.

“கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்லடா” என்றார். அந்தக் கனிவுதான் எனக்கு ஆகவே ஆகாது.

அடுத்த போகத்தில் என் கோஸும் தேறியது. பார்க்க வந்த வெளியூர்க்காரர்களிடம், “இது நானா கண்டுபுடிச்சதுங்க” என்று சொல்லிவிட்டேன். அண்ணன் பின்னால் நின்றது தெரியாது.

அவர் முகம் மாறவில்லை. “தம்பிகிட்டயே கேட்டுக்குங்க. விவரமா சொல்லுவான்” என்று சொல்லிவிட்டு மடை பார்க்கப் போனார். அன்றிலிருந்து எல்லோரும் என்னிடமே வந்தார்கள். நானும் சொல்லிக்கொடுத்தேன்.

சிறுநீரகம் பழுதாகிப் படுத்த கடைசி நாட்களில் தினமும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் அந்தக் கடுகுப் பேச்சை எடுக்கவே இல்லை. எனக்கும் வாய் வரவில்லை.

அண்ணனை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், நேரம் பாராமல் ஆஸ்பத்திரிக்குக் கார் ஓட்டிய பங்காளிகளுக்கும், காரியத்தில் கூட நின்ற ஊராருக்கும் எங்கள் நன்றி. என்னிடம் கடுகு முறையைக் கற்றுப் போனவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது அண்ணனுடையது. இவ்வளவு எழுதிய பிறகும், சந்தேகம் என்றால் நீங்கள் என்னைத் தேடித்தான் வர வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது. அண்ணன் இருந்தால் இதையும் மன்னித்திருப்பார். அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.