டி.சி. வாங்கிய கதை

பத்தாம் வகுப்பு வரை நான் படித்தது நன்னிலம் பக்கத்து அரசுப் பள்ளியில். அங்கிருந்து டி.சி. வாங்கி என்னைத் தனியார் பள்ளியில் சேர்த்தது அப்பா. எங்கள் சொந்தத்தில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். இதில் பாதிதான் உண்மை.

பேருந்து நிலையத்தில் அந்தத் தனியார் பள்ளியின் பிளெக்ஸ் இருந்தது. நீட்டில் தேறிய பிள்ளைகள் வரிசையாக, எல்லார் கழுத்திலும் ஸ்டெதாஸ்கோப். வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அதை நின்று படித்தவர் அப்பா. டாக்டராக வேண்டும் என்று எனக்கும் வெறிதான். ஆனால் பதினைந்து வயதில் அதைவிடப் பக்கத்தில் தெரிந்தது ஷூவும் டையும், தெருமுனைக்கே வந்து நிற்கும் மஞ்சள் வேனும்.

டி.சி. கேட்கப் போன அன்று அறிவியல் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஆறாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்ன்மென்ட் ஸ்கூல்லயே படிச்சாதான் மெடிக்கல்ல அந்த ஏழரை சதவீத ஒதுக்கீடு கிடைக்கும். இப்ப வெளிய போனா உனக்கு அது கிடையாது. அப்பாகிட்ட சொல்லு. வேணும்னா என்னை வந்து பாக்கச் சொல்லு."

அப்பா குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். வரப்பில் போய் நின்றேன்.

"டீச்சர் என்னம்மா சொன்னாங்க?"

"நல்லா படிக்கச் சொன்னாங்கப்பா."

மறுநாள் அப்பா பள்ளிக்கு வந்து கையெழுத்துப் போட்டார். டீச்சர் ஏதோ பயிற்சிக்காகத் திருவாரூர் போயிருந்தார். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

புதுப் பள்ளியில் வாராவாரம் டெஸ்ட். ரேங்க் பட்டியல் அப்பாவின் போனுக்கு வரும். கண்ணாடி இல்லாமல் போனைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துக்கொண்டு, என் பெயரை மேலிருந்து தேடிக்கொண்டே கீழே வருவார். முதல் இருபது பேருக்கு ஏசி அறை, வெளியூரிலிருந்து வரும் நல்ல வாத்தியார்கள். எங்களுக்கு ஜெராக்ஸ் கட்டுகள். பிளெக்ஸில் வரப்போகிற முகங்கள் எவை என்பது முதல் பருவத்திலேயே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. நாங்கள் வேனை நிரப்பப் போனவர்கள்.

இரண்டு வருஷம் கழித்து நீட் மதிப்பெண் வந்தது. சுமார்தான். கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க அப்பாவும் நானும் பிரவுசிங் சென்டருக்குப் போனோம். கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"ஆறுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் கவர்ன்மென்ட் ஸ்கூலா?"

"பத்து வரைக்குங்க," என்றார் அப்பா.

"அப்ப இல்லைன்னு போட்டுடுறேன். என்ன சார், கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கீங்க. இந்த மார்க்குக்கு அந்த ஒதுக்கீட்டுல கண்டிப்பா சீட் உண்டு."

அப்பா விவரம் கேட்டார். அவர் சொன்னார். அப்பா துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அங்கே ஒன்றுமில்லை. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிஷம் என்னை நானே வெறுத்தேன், ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

பழைய பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் வாங்கியது என்னைவிடக் குறைந்த மதிப்பெண். அவளுக்குத் தஞ்சாவூரில் எம்.பி.பி.எஸ். கிடைத்தது. நான் பி.எஸ்சி. விலங்கியல் சேர்ந்தேன். பிளெக்ஸில் புது முகங்கள் வந்தன.

போன மாதம் மேலத்தெருவிலிருந்து ஒருவர் பத்தாவது முடித்த தன் மகளோடு வந்திருந்தார், எந்தப் பள்ளியில் சேர்க்கலாம் என்று அப்பாவிடம் யோசனை கேட்க. நான் காபி கொண்டுபோனேன்.

"இருக்கிற ஸ்கூல்லேயே விடுங்க," என்றார் அப்பா. "என்னைப் பாத்தாவது கத்துக்கங்க. விவரம் தெரியாம எம் பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டேன். இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை என்னைக் குத்திக் காட்டினதில்லைங்க அது."

வந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தங்கமான பொண்ணு," என்றார்.

டம்ளரை நீட்டினேன்.