கொழுப்பு வடிய ஒரு வழி

கேரளத்தில், விழிஞ்ஞம் துறைமுகத்துக்குப் போகிற வழியில் என் மனைவி மதியச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள். துறைமுக வேலைக்கு வந்த நாகாலாந்துக்காரர்கள் அங்கேதான் சாப்பிடுவார்கள். புகை போட்ட பன்றி இறைச்சி கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வருகிற ஞாயிறு தருகிறேன் என்று இவள் சொல்லிவிட்டாள். என்னிடம் பிறகுதான் சொன்னாள்.

நான் வெல்டர். தண்ணீர் டாங்கி செய்கிற பட்டறையில் வேலை. அங்கே கிடந்த ஒரு எண்ணெய் டிரம்மைக் கொண்டுவந்து, உள்ளே விறகு போட்டு எரித்துச் சுத்தம் செய்தேன். அடியில் காற்றுக்கு ஒரு வாய். மேலே புகை போக ஒரு குழாய். மேல்பாதியில் இறைச்சி வைக்கக் கம்பி வலை. அவ்வளவுதான்.

இருப்பது வாடகை வீடு. மாடியில் வீட்டுக்காரச் சேச்சி. கொல்லையில் டிரம்மை வைத்து, கொஞ்சம் இறைச்சி போட்டுக் கொளுத்திப் பார்த்தோம். சூடு ஏறியதும் கொழுப்பு உருகி நெருப்பில் சொட்டியது. குப்பென்று பிடித்தது. கரும்புகை நேரே மேலே போனது. மேலே சேச்சியின் ஜரிகைக் கரை போட்ட வெள்ளைக் கசவு முண்டு காய்ந்துகொண்டிருந்தது.

முண்டைக் கையில் பிடித்துக்கொண்டே இறங்கி வந்தார்.

"அண்ணாச்சி, இது அம்பலத்துல தொழப் போக உடுக்கிற முண்டாக்கும். பாருங்க, கரி!"

"பாத்துக்கிடுதேன் சேச்சி."

"நீங்க பன்னி சுடுங்க, ஆனைய சுடுங்க. எனக்கு ஒண்ணுமில்ல. இனி ஒரு தடவை கரி விழுந்தா டிரம்ம எடுத்திரணும், கேட்டோ."

வேறு இடம் எங்களுக்குக் கிடையாது. டிரம்மை எடுத்தால் இவள் கடையில் கொடுத்த வாக்கும் போகும்.

கொழுப்பு நெருப்பில் விழக்கூடாது. அதற்கு நெருப்புக்கும் வலைக்கும் நடுவே ஒரு தகடு வைத்தேன். சுற்றிலும் இடைவெளி விடாமல் டிரம்மோடு சேர்த்து வெல்டு அடித்தேன். பட்டறையில் அப்படித்தான் பழக்கம். ஒரு சொட்டு கசிந்தாலும் டாங்கி திரும்பி வந்துவிடும். வெல்டு நன்றாக விழுந்திருந்தது.

கொளுத்தினோம். புகை இல்லை. சூடும் இல்லை. அடியில் போட்ட அடுப்புக்கரி மூச்சு முட்டி அணைந்தது. மேலே இறைச்சி கடையில் வாங்கின மாதிரியே இருந்தது.

இவள் மூடியைத் திறந்து பார்த்தாள்.

"இதுல தண்ணி பிடிச்சு வைக்கலாம். ஒழுகாது."

"சும்மா இரு."

"அனல் எந்த வழியா மேல வரும்? எனக்குப் புரியல, அதான் கேக்கேன்."

அந்த வெல்டை அறுக்க மனசு வரவில்லை. அறுத்தேன்.

தகட்டைச் சிறிதாக்கினேன். சுற்றிலும் நாலு விரல் இடைவெளி விட்டேன். அனல் அந்த வழியாக மேலே ஏறும். தகட்டின் ஓரத்தை மேல்நோக்கி மடக்கி, ஒரு பக்கம் சாய்த்து நிறுத்தினேன். தாழ்ந்த பக்கத்தில் ஓட்டை போட்டு ஒரு குழாய். குழாய் டிரம்முக்கு வெளியே வந்து ஒரு தகர டப்பாவில் முடியும். கொழுப்புக்கு ஒரு வழி, அனலுக்கு ஒரு வழி. ஓரம்தான் அதிகச் சூடு என்பதால் இறைச்சியை நடுவில் வைக்க வேண்டும். அதை இவள்தான் கண்டுபிடித்தாள்.

ஞாயிறு காலை சிரட்டைக் கரி பற்றவைத்தேன். அதன் மேல் புகைக்கு ஒரு மாங்கட்டை. அப்போது சேச்சி மாடியில் முண்டை உதறிக் காயப்போட்டார். கொடி முழுக்கக் காலி. டிரம்முக்கு நேர் மேலேதான் போட்டார்.

"பரீட்சை வைக்குறாங்க," என்றாள் இவள்.

டப்பாவில் கொழுப்பு சொட்டுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்கிற வரை பயமில்லை. டப்பா நிறைந்ததும் மாற்றினேன். காற்றுவாயைப் பாதி மூடினேன். புகை மெல்லிசாக, நீலமாகப் போனது.

மதியத்துக்குள் இவள் இறைச்சியைப் பாத்திரத்தில் அடுக்கிக் கடைக்குக் கொண்டுபோனாள். திரும்பி வரும்போது பாத்திரம் காலி. நான் டிரம் பக்கத்திலேயே இருந்தேன்.

சேச்சி வந்து முண்டை எடுத்தார். வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். முகர்ந்தார்.

"ஒரு மணம் உண்டு, அண்ணாச்சி."

"கரி இருக்கா சேச்சி?"

"கரி இல்ல."

மடித்துக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்த ஞாயிறும் முண்டை அதே இடத்தில் போட்டார். இப்போதும் போடுகிறார். நானும் டப்பாவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.